என் கை போச்சின்னு வெச்சிக்க

எங்கள் மாடிப்படியில் நின்றபடி அவர் தன் வலது கையைப் பலமுறை இழந்திருக்கிறார். கண்களை இழந்திருக்கிறார். ஒருமுறை இடுப்புக்குக் கீழே எல்லாமே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பேச்சு முடிந்ததும் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சற்றுமுன் போன அதே கையால் என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு, படியிறங்கி பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடப்பார்.

சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து திருப்பதியில் வீடு வீடாக ஏறி இறங்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்டு அவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பாலிசி அக்கா. இப்போது பெங்களூரில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. அவருடைய பழைய எண்ணுக்குப் போன் செய்தால் வேறு யாரோ தெலுங்கில் பேசுகிறார்கள். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பலநாள் நினைத்து, எழுதலாமா, அது அவருக்குப் பிடிக்குமா என்று யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டேன். பெயரைச் சொல்லாமல் எழுதினால் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்கு வேறு மாதிரி தோன்றலாம். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவர் வேலை செய்யும் முறை விசித்திரமானது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். பாயோ நாற்காலியோ, காட்டிய இடத்தில் உட்கார்ந்து மோர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பிறகு நல்லதாக மட்டும் பேசுவார். பிள்ளை பெரியவனாகிப் படிப்பான், பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும், வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம், முதிர்வுத் தொகை இவ்வளவு வரும். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிற வீட்டில் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்வார். வாரைச் சரிசெய்துகொண்டே, வழியனுப்ப வந்தவர்களிடம் மிச்சத்தைச் சொல்வார். விபத்து, எலும்பு முறிவு, படுத்த படுக்கை, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்வது, எது கொடுப்பார்கள், எது கொடுக்கமாட்டார்கள் எல்லாம் படிக்கட்டில்தான்.

இதற்குக் காரணம் இருந்தது. நாம் பேசுகிற எதற்கும் ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிக்கொண்டு ததாஸ்து தேவதைகள் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெலுங்குக்காரர்கள், தமிழர்கள் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. கை போனால், கால் போனால் என்று வீட்டுக்குள் ஒருவர் ஆரம்பித்தால், அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

“வாசப்படி தாண்டிட்டா அவங்களுக்குக் காது கேக்காதாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கேக்கும் கேக்கும். ஆனா செருப்புப் போட்டுக்கினு பேசுறவ கெளம்பிட்டான்னு விட்டுடுவாங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதில் எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு அன்று புரியவில்லை.

படிக்கட்டிலும் அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கெட்டதை அடுத்தவர் மேல் வைத்துச் சொல்லமாட்டார். ‘உங்கள் கணவருக்கு’ என்று வராது; ‘உங்களுக்கு’ என்றும் வராது. “என் கை போச்சின்னு வெச்சிக்க” என்று ஆரம்பிப்பார். “நான் பஸ்ல இருந்து உழுந்தேன்னு வெச்சிக்க. மூணு மாசம் எழுந்து நடக்க முடியல. அப்ப என் வூட்ல அடுப்பு எரியணுமா வாணாமா?” இப்படி எல்லா ஆபத்தையும் தன் உடம்பின் மேலேயே இறக்கிக்கொள்வார்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்ப்போர்ஷனில் தையல் கடை வைத்திருந்த அண்ணன் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர். ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

“யக்கா, போன மாசம் கை போச்சி. அதுக்கு முந்தி காலு போச்சி. இப்ப கண்ணு. இன்னும் இன்னாதான் மிச்சம் கீது உன்கிட்ட?”

“வாய் கீதே. அதுவும் போச்சின்னாதான் நீ பாலிசி போடுவ.”

“அது போவாதுக்கா. அதுக்கு நான் கேரண்டி.”

தையல்கார அண்ணன் கடைசிவரை பாலிசி எடுக்கவில்லை. ஆனால் பாலிசி அக்காவின் குடைத்துணி கிழிந்தபோது காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்கு அவரை வரச் சொன்னது நான்தான். மகள் பிறந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்காக விட்ட வேலை விட்டதுதான். வீட்டில் என் கணவர், மாமியார், நான், குழந்தை. சம்பாதிப்பது ஒருவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். திருப்பதியில் யாத்திரீகர்கள் தங்கும் லாட்ஜுகள் சிலவற்றில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு. எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லை. கூப்பிட்டால் போவார், செய்த வேலைக்குக் காசு. போகவில்லை என்றால் அதுவும் இல்லை.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் போனை எடுக்கவில்லை என்றால் எனக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பார், சிக்னல் இருக்காது என்று தெரியும். தெரிந்தாலும் மனம் அது பாட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டி அதில் அவரைப் படுக்கவைத்துவிடும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் நான் அபசகுனம் பிடித்தவள் ஆகிவிடுவேன். அப்போதுதான் அபசகுனத்தையே தொழிலாக வைத்துக்கொண்டு ஒருவர் தெருவில் வந்துபோவதைக் கவனித்தேன்.

முதல்நாள் அவர் வந்தபோது மாமியார் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர் அவர். பேத்தி பெயரில் ஒரு பாலிசி போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். குழந்தை பிறந்ததும் காது குத்துவதற்கு முன்னாலேயே அதன் பெயரில் ஒரு பாலிசி போட்டுவிடுவார்கள். பெரியவர்கள் பெயரில் போடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பாலிசி அக்கா தலையாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “நல்லதும்மா. மகாலட்சுமி மாதிரி கீது கொழந்த. போட்டுடலாம்” என்றார். மோரைக் குடித்து முடித்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டதும் குரல் மாறியது.

“கொழந்த சம்பாரிக்குதா?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்ல.”

“அப்பறம் அது பேர்ல எதுக்கு மொதல்ல? யாரு கையால துன்றீங்களோ அந்தக் கைக்கு மொதல்ல போடணும். செத்துப்போனா பணம் வர்ற பாலிசி பத்தி எல்லாருக்கும் தெரியும். சாகாம வூட்ல உக்காந்துட்டா? என் கை நசுங்கிப் போச்சின்னு வெச்சிக்க. உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வேலைக்குப் போவ முடியாது. சாப்பாட்டுக்கு ஒரு ஆளு கொறையல, சம்பாரிக்கிற ஆளுதான் கொறஞ்சிது. அதுக்கு விபத்துப் பாலிசின்னு தனியா கீது. வேலைக்குப் போவ முடியலன்னு டாக்டர் எழுதிக் குடுக்குற வரைக்கும், ஒரு அளவுக்கு வாரா வாரம் பணம் வரும். கையோ காலோ நிரந்தரமா போயிட்டா மொத்தமா வரும்.”

“காய்ச்சல் வந்து படுத்தாலும் வருமா?”

“வராது. அடிபட்டாத்தான் இது. சீக்குக்கு வேற பாலிசி. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சி ஏமாந்துடாத.”

எதையும் கூட்டிச் சொல்லி விற்கத் தெரியாது அவருக்கு. கிடைக்காததை முதலிலேயே சொல்லிவிடுவார். அந்தப் படிக்கட்டுப் பேச்சு எனக்குப் பயத்தைத் தந்திருக்க வேண்டும். மாறாக, பல மாதங்களாக என் மனதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை வேறொருவர் சத்தமாகப் பேசியது ஆறுதலாக இருந்தது.

அதன்பிறகு ஒருமுறை என் அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது சித்தூர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். என் மகளை மடியில் வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியே மாந்தோப்புகளைக் காட்டியபடி வந்தார். பேச்சுவாக்கில்தான் சொன்னார். ஏஜெண்டு ஆவதற்கு முன்னால் சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் சீசனுக்கு வேலை பார்த்திருக்கிறார். கூட வேலை பார்த்த ஒரு பெண்ணின் கை மெஷினில் போய்விட்டது. அன்று சாயங்காலமே ஆளாளுக்கு முந்தானையில் இருந்ததை அவிழ்த்துக் கொடுத்தார்களாம்.

“அடுத்த சீசனுக்கு நாங்க எல்லாரும் மறுபடி போனோம். அவ கேட்டுக்கு வெளிய கொழந்தைய வெச்சிக்கினு நின்னுக்கினு இருந்தா. யாரும் நிக்கல. நானும் நிக்கல, லேட்டாச்சின்னு ஓடிட்டேன். மொதல் தபா எல்லாரும் குடுப்பாங்க பாப்பா. அது மனுசத்தனம். ரெண்டாவது தபா யாரும் குடுக்கமாட்டாங்க. அதுவும் மனுசத்தனந்தான், நாம இன்னா பண்ண முடியும்?”

சந்திரகிரி தாண்டியதும் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம். மாடு குறுக்கே வந்ததைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாலிசி அக்கா எட்டி டிரைவரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர்களை அவரால் முழுசாகப் பார்க்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. பாடுகிறவரிடம் தொண்டையைப் பார்ப்பார், பூக்கட்டுகிறவரிடம் விரலைப் பார்ப்பார். எங்கே அடிபட்டால் அந்த வீட்டில் அடுப்பு அணையுமோ அங்கே அவர் கண் போய் நிற்கும். டீச்சராக இருந்த என் தொண்டையை அவர் பார்த்ததில்லை. நான் அப்போது சம்பாதிக்கவில்லை.

என் கணவருக்கு இந்தப் பாலிசி அவசியமாகப் படவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ம், போட்டுக்கலாம்” என்றுவிட்டுப் போய்விடுவார். பாலிசி அக்கா வருகிற நாட்களில் அவர் வேலைக்குப் போயிருப்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னேன்.

என் கணவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் இருந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாலிசி அக்கா விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தொழில் என்ற இடம் வந்தது.

“இன்ஜினியர்னு போடு” என்றார் மாமியார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். லிஃப்ட் இன்ஜினியர். நகரிச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் இன்ஜினியர்தான். எங்கள் சாதிசனத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு படி ஏற்றி எழுதுவது வழக்கம். கடைக்கு ஆள் என்றால் மேனேஜர், டிரைவர் என்றால் டிராவல்ஸ் ஓனர். யாரும் அதைப் பொய்யாக நினைப்பதில்லை.

பாலிசி அக்கா பேனாவை நிறுத்தினார். “தம்பி, சாப்ட்டு முடிச்சிட்டு ஒரு நிமிசம் வெளிய வர்றீங்களா? ஒரு விசயம் சொல்லணும்.”

“இங்கயே சொல்லுங்கக்கா. நம்ம வீடுதான?”

பாலிசி அக்கா விளக்கைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு தன் வழக்கப்படி ஆரம்பித்தார். “என் கை லிஃப்டுல மாட்டிக்கிச்சின்னு வெச்சிக்குங்க...”

“நீங்க எதுக்குக்கா லிஃப்டுக்குள்ள கைய உடப்போறீங்க? பட்டனை அமுக்கினா போதும், அதுவே கூட்டிக்கினு போகும்” என்றார் என் கணவர்.

மாமியார் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாலிசி அக்காவும் எங்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்தினார். தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்த என் கணவரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் தண்ணீரில் குதிப்பதற்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது.

“என் கை இல்ல தம்பி. உங்க கை” என்றார். “உங்க வலது கை. லிஃப்டுல மாட்டி நசுங்கி, மாசக்கணக்குல ஸ்பேனர் புடிக்க முடியாம நீங்க வூட்ல உக்காந்தா, இன்ஜினியர்னு எழுதின பாலிசி நிக்காது. இன்ஜினியருக்கு டேபிள்ல வேலை. நீங்க எதுக்குக் குழியில எறங்குனீங்கன்னு கேப்பாங்க. மெக்கானிக்னு எழுதினா கட்டுறது கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா வரும்.”

என் கணவரின் கை தட்டிலேயே நின்றது. குழந்தைகூட என் தாலிச் சரட்டை இழுப்பதை நிறுத்தியதாக நினைவு. அது நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

மாமியார் எழுந்து நின்றார். “எழுந்திரு” என்றார். “துன்ற புள்ளையப் பாத்து, வெளக்கு எரியச்சொல்ல, இன்னா வார்த்த பேசற நீ? வெளிய போ. இனிமே இந்தப் படி ஏறாத.”

“தப்புதாம்மா” என்று சொல்லிக்கொண்டே பாலிசி அக்கா காகிதங்களைப் பையில் திணித்தார். வாசலில் செருப்பை மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார்.

நான் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் சாம்பார்க் கரண்டியோடு நின்றேன். என் கணவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கைகூடக் கழுவவில்லை. அப்படியே வாசலுக்குப் போய்ப் படிக்கட்டில் இரண்டு படி இறங்கினார்.

“அக்கா, மெக்கானிக்னே எழுதுங்க” என்றார்.

தெருவில் நிறுத்தியிருந்த யாரோ ஒருவருடைய பைக் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து, சாம்பார் ஒட்டாத இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். மாமியார் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அது நடந்தது. ஒரு லாட்ஜில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு என் கணவர் மேலே வேலை செய்துகொண்டிருந்தார். கீழே, திருமலையிலிருந்து இறங்கி வந்த யாத்திரீகர்கள் பெட்டிகளோடு காத்திருந்தார்கள். பாவம் பார்த்த யாரோ ஒருவர், லிஃப்ட் வேலை நடப்பது தெரியாமல் மெயினைப் போட்டுவிட்டார். கை மாட்டிக்கொண்டது. வலது கை.

ஆஸ்பத்திரியில் மாமியார் அழவில்லை. “அவ வாய்” என்றார் ஒரே ஒரு முறை. நான் படித்தவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்தியவள். ஒரு வார்த்தை ஒரு சுவிட்சைப் போடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, ‘உங்க வலது கை’ என்ற அந்த வார்த்தைகளை நான் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவரை வரவழைத்தது நான்தானே என்றும் நினைத்தேன். இடது கை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

எலும்பு சேர்ந்துவிட்டது. இரண்டு விரல்களின் நரம்புதான் பிரச்சினை. மாசக்கணக்கில் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்றார் டாக்டர். லாட்ஜ்காரர்கள் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அது முதல் தடவை. இரண்டாவது தடவை என்று ஒன்று இருக்கவில்லை. அவர்களுக்கு லிஃப்ட் ஓட வேண்டும், வேறு மெக்கானிக் வந்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு வாரப் பணம் வந்தது. உடனே வரவில்லை, காகிதமெல்லாம் கொடுத்து அலைந்த பிறகுதான் வந்தது. அலைந்தது முழுக்க பாலிசி அக்கா. டாக்டர் சான்றிதழ், லாட்ஜிலிருந்து எழுத்து, போலீஸில் பதிவு செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் சித்தூரிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரிக்கும் வந்தார். ஆனால் என் கணவர் இருந்த அறைக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்புவார். கையெழுத்து வேண்டிய இடத்தைக் காட்டுவார். முன்போலப் பேசுவதில்லை. தன் கையையோ காலையோ அவர் அந்த நாட்களில் ஒருமுறையும் இழக்கவில்லை.

“உள்ள வந்து பாருங்கக்கா. அவருக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல.”

“இருக்கட்டும் பாப்பா. ஸ்பேனர் புடிக்கறாரா?”

“இப்பதானக்கா கட்டுப் பிரிச்சிருக்கு.”

“புடிச்சா எனக்கு ஒரு போன் போடு.”

வாரம் தவறாமல் அவரே போன் செய்து அதே கேள்வியைக் கேட்டார். குழந்தை எப்படி இருக்கிறாள், பணம் வந்ததா என்றெல்லாம் கேட்பதில்லை. ஸ்பேனர் பிடித்தாரா? இல்லை என்றால் வைத்துவிடுவார்.

மாமியார் அந்தப் பணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. அரிசி வாங்கி வந்தால் வாங்கி வைத்தார். பால்காரருக்குக் கொடுக்கச் சொன்னால் கொடுத்தார். பாலிசி அக்காவின் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். இரண்டு விஷயங்களையும் அவர் எப்படி ஒரே மனதில் வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பிறகு, நானும் அப்படித்தானே இருக்கிறேன் என்று தோன்றும்.

ஒருநாள் காலை என் கணவர் வீட்டுக் குழாயின் நட்டை ஸ்பேனரால் இறுக்கினார். இறுக்கிவிட்டு, விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார். நான் மாடிப்படிக்கு வந்து பாலிசி அக்காவுக்குப் போன் செய்தேன். “புடிச்சிட்டார்க்கா” என்றேன். மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. “சரி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இவ்வளவு நாள் கேட்டதற்கு இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

அடுத்த மாதம் அம்மா வீட்டுக்குப் போனபோது, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் நிற்கும் பக்கம் அவரைப் பார்த்தேன். முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தார். வெயிலுக்கு என்று நினைத்தேன். என் மகள் “ஆண்ட்டி” என்று ஓடிப்போய் அதைப் பிடித்து இழுத்துவிட்டாள். தலை மொட்டையாக இருந்தது. இப்போதுதான் முளைக்க ஆரம்பித்த மயிர், காதுக்குப் பின்னால் சந்தனத்தின் மிச்சம்.

“மலைக்குப் போனீங்களாக்கா?”

“ஆமா பாப்பா. ஒரு வேண்டுதல்.”

“யாருக்கு?”

முந்தானையை மறுபடி இழுத்துச் செருகிக்கொண்டார். “இத்தினி வருசமா என் கையத்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஒரே ஒரு தபா இன்னொருத்தி பெத்த புள்ள கையச் சொல்லிட்டேன்.”

“உங்க சொல்லால ஒண்ணும் ஆகலக்கா. யாரோ தெரியாம மெயின போட்டுட்டாங்க. அவ்ளோதான்.”

“எனக்குத் தெரியாதா? கிளைமுக்குப் போலீஸ் காயிதம் வாங்கினதே நான்தான? அதுல எல்லாம் எழுதிக் கீது.” குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தார். “தெரிஞ்சிக்கினா மட்டும் தூக்கம் வந்துடுதா?”

“அப்ப அன்னிக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்னு நினைக்கிறீங்களா?”

இந்தக் கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. “சொல்லலன்னா இன்ஜினியர்னு எழுதியிருப்பாரு. சொன்னது சரிதான் பாப்பா. சொன்னதுக்கு மொட்ட போட்டதும் சரிதான்.”

வேலூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். குடை இல்லை. என் மகளுக்குக் கைகாட்டினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அன்று திருப்பதிக்குத் திரும்பியதும் மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்று வழக்கம்போலக் குழம்பினேன். சொன்னால் பழைய கோபம் கிளம்பலாம். சொல்லாவிட்டால் அந்த மொட்டைத் தலை என்னை விடாது. சாயங்காலம் அவர் பேத்திக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். பார்த்தது, அவர் பேசியது, ஒன்று விடாமல்.

“எம் புள்ளைக்கு அவ எதுக்கு மொட்ட போடணும்?” என்றார் மாமியார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. மீதி இட்லியை ஊட்டி முடித்து, குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, தட்டை அலசி வைத்தார். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் குளித்து மஞ்சள் சேலை கட்டியிருந்தார். ஒரு பையில் துண்டும் மாற்றுச் சேலையும் வைத்துக்கொண்டிருந்தார்.

“மலைக்குப் போவணும். கூட வர்றியா?” என்றார்.

“அவருக்காகத்தான் அந்த அக்கா மொட்ட போட்டுட்டாங்களே, அத்தை?”

“அவ சொன்னதுக்கு அவ போட்டா” என்றார் மாமியார், செருப்பை மாட்டிக்கொண்டே. “வூட்டுக்கு வந்தவள வெளிய போன்னு சொன்னதுக்கு நான் போட வாணாமா?”